கெட்டமின்: பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வுக்கு மருந்தாகுமா?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அமெரிக்காவிலிருந்து சித்தி பையன் கூப்பிட்டான். அவனுக்குக் குழந்தை பிறந்து பத்து வாரம். வழக்கமாகக் குழந்தை முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான். அன்றைக்கு வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினான்.

"அண்ணா, இவ ரொம்ப நாளா சரியா இல்ல. குழந்தை அழுதாக்கூடப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. குழந்தை தூங்கினாலும் இவ தூங்கறதில்ல. இங்க பக்கத்துல ஒரு கிளினிக் இருக்கு. கெட்டமின் டிரிப்ஸ் போட்டா ரெண்டு மூணு நாள்லயே தெளிஞ்சிடுவாங்கன்னு விளம்பரம் போட்டிருக்கான். இன்சூரன்ஸ் கிடையாது, கைக்காசுதான். நீதான் இதெல்லாம் தோண்டித் தோண்டிப் படிப்பியே. போலாமா?"

நான் மருத்துவர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு, அவ்வளவுதான். அதனால் அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். "முதல்ல பிரசவம் பாத்த டாக்டருக்கு நாளைக்கே போன் போடு, இதைத் தள்ளிப் போடாதே. கெட்டமினைப் பத்தி நான் ஒரு வாரம் படிச்சிட்டுச் சொல்றேன்."

ஒரு வாரம் என்று சொன்னது ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த மாதத்தில் படித்ததன் சுருக்கம்தான் இது. தம்பியிடமும் அவன் மனைவியிடமும் அனுமதி வாங்கி, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

முதலில், நோய் எது?

குழந்தை பிறந்த இரண்டாம் மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வருவதுதான். இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இது நோய் இல்லை.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, எதிலும் விருப்பம் இல்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, 'நான் நல்ல அம்மா இல்லை' என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது, சாகலாம் போலிருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இது நோய். இதற்கு மருத்துவம் உண்டு.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. 1,000 பிரசவங்களில் ஒன்று, இரண்டு பேருக்கு வரும் மனப்பிறழ்வு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பிக்கும். காதில் குரல் கேட்கும், நடக்காததை நடந்ததாக நம்புவார்கள், பேச்சு குழம்பும். இது அவசர சிகிச்சை. அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பது கட்டுரையின் பின்பகுதியில் தெரியும்.

இதெல்லாம் மேல்நாட்டுக்காரர்களின் நோய், நம்ம பக்கம் தாய்வீட்டில் மூன்று மாதம் உட்காரவைத்து, பத்தியம் போட்டுப் பார்த்துக்கொள்கிறோம், நமக்கு வராது என்று நானும் நம்பியிருந்தேன். வேலூர் பக்கத்தில் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 2002-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 359 பெண்களைச் சேர்த்து, பிரசவத்துக்குப் பிறகு மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். ஒன்பது பேரில் ஒருத்தி. காரணங்களாக அந்த ஆய்வு காட்டியவற்றைப் பாருங்கள்: குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைக்கு உதவ ஆள் இல்லாதது. இந்தியா முழுக்க நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்த 2017-ஆம் வருஷத்துக் கணக்கு ஒன்று, 22 சதவீதம் என்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? 1987-இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. தமிழிலும் இது இருக்கிறது, தமிழ்ப் பெண்களிடம் சோதித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். நிரப்ப ஐந்து நிமிஷம் போதும்.

நம் வீட்டுக் கதை

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. எங்கள் மூத்த மகள் பிறந்தபோது மனைவி தாய்வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, ஞாயிறு ராத்திரி திரும்புவேன். ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, எனக்கு இந்தக் குழந்தை மேல ஒண்ணுமே தோண மாட்டேங்குது." நான் சொன்ன பதில், "தூக்கம் இல்லாததால அப்படி இருக்கும். ரெண்டு நாள் நல்லாத் தூங்கு." மாமியார் சொன்னது, "பெத்தவங்க எல்லாரும் இப்படியா அழுதுட்டு இருந்தோம்?" அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தெளிய எட்டு மாதம் ஆனது. தானாகத்தான் தெளிந்தாள். அந்த எட்டு மாதத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

சரி, மருந்துக்கு வருவோம்.

கெட்டமின் எங்கிருந்து வந்தது?

1950-களில் அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனம் ஃபென்சைக்ளிடின் என்ற மயக்க மருந்தைச் சோதித்துப் பார்த்தது. வலி தெரியாது, மூச்சும் நிற்காது, நல்ல மருந்துதான். ஆனால் ஆபரேஷன் முடிந்தபிறகு நோயாளிகள் மணிக்கணக்கில் பிதற்றினார்கள். அதே குணம் கொண்ட, ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும் மருந்து ஒன்று வேண்டும் என்று தேடியபோது, 1962-இல் கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியதுதான் கெட்டமின். 1964-இல் மிச்சிகனில் எட்வர்ட் டொமினோ என்ற மருந்தியல் பேராசிரியர் மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்தார். சோதனைக்கு உட்பட்டவர்கள் சிறைக்கைதிகள். அந்தக் காலத்து ஒழுங்கு அப்படி.

மருந்து ஏறியவர்கள் உடம்பைவிட்டு விலகி மிதப்பதுபோல் இருந்தது என்றார்கள். இந்த நிலைக்கு என்ன பெயர் வைப்பது என்று டொமினோ யோசித்தபோது, உடம்பும் மனசும் 'துண்டித்துப்போன' நிலை என்ற பொருளில் பெயர் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவி. இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பெயர்தான்.

1970-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. வியட்நாம் போரில் அடிபட்ட சிப்பாய்களுக்குப் போட்டார்கள். ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளாது, மூச்சை நிறுத்தாது என்பதால் பெரிய கருவிகள் இல்லாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இது வரம். 1985 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. கால்நடை மருத்துவர்களும் நிறையப் பயன்படுத்துகிறார்கள். அதே 'மிதக்கும்' குணத்துக்காகப் போதைக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். இந்தியாவில் அதனால்தான் இதை அட்டவணை எக்ஸில் வைத்திருக்கிறார்கள். சாதாரண மருந்துச் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிவிட முடியாது.

மனச்சோர்வு எப்போது உள்ளே வந்தது? 2000-ஆம் வருஷம், யேல் பல்கலைக்கழகம். மனச்சோர்வு நோயாளிகள் வெறும் 7 பேர். மயக்கத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவு, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிஷத்தில் டிரிப்ஸாக ஏற்றினார்கள். மூன்று நாளுக்குள் மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தது. 2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழு இதையே மறுபடி செய்தது. வேறு மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் 71 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் நல்ல முன்னேற்றம்.

இந்த எண் ஏன் பெரிய விஷயம்? வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். சாக நினைக்கிற ஒருவருக்கு ஆறு வாரம் என்பது மிக நீளம். ஆனால் அதே 2006 ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. விளம்பரங்களில் அதைப் பார்க்க முடியாது. ஒரு வாரம் வரை முன்னேற்றம் நிலைத்தவர்கள் 35 சதவீதம் பேர்தான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், தொங்கிப்போன சர்வரை ரீஸ்டார்ட் செய்வது மாதிரி. உடனே எழுந்து ஓடும். ஆனால் எது தொங்கவைத்ததோ அது உள்ளேயேதான் இருக்கிறது.

மூளைக்குள் என்ன செய்கிறது?

நரம்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் மிக முக்கியமானது குளூட்டமேட். அதை வாங்கிக்கொள்ளும் கதவுகளில் ஒரு வகைக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். கெட்டமின் அந்தக் கதவை அடைக்கிறது. இது நிச்சயமாகத் தெரிந்தது.

இதற்கு மேல் வருவது கருதுகோள். மற்ற நரம்புகளை அடக்கிவைக்கும் 'காவல்கார' நரம்புகளில் உள்ள கதவுகள்தான் முதலில் அடைபடுகின்றன, அதனால் குளூட்டமேட் கொஞ்ச நேரம் பீறிட்டு வெளிவருகிறது, அது நரம்புகள் புதிய இணைப்புகளை வளர்க்கத் தூண்டுகிறது என்பது பிரபலமான விளக்கம். எலிகளில் இப்படிப் புதிய இணைப்புகள் முளைப்பதை 2010-இல் யேல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேறு விளக்கங்களும் உண்டு. கெட்டமின் உடைந்து உருவாகும் இன்னொரு பொருள்தான் வேலை செய்கிறது என்று ஒரு கட்சி. உடம்பில் உள்ள ஓபியாய்டு அமைப்பு இல்லாமல் இது வேலை செய்யாது என்று இன்னொரு கட்சி. பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை.

கெட்டமின் மூலக்கூறு வலது கை, இடது கை மாதிரி இரண்டு கண்ணாடி வடிவங்களின் கலவை. அதில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்தால் எஸ்கெட்டமின். இதை மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாக, 'ஸ்ப்ரவாட்டோ' என்ற பெயரில், 2019 மார்ச்சில் எஃப்.டி.ஏ. அனுமதித்தது. மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு மட்டும். அதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மருத்துவமனையில் அடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

பிரசவ மனச்சோர்வுக்கென்றே வந்த மருந்துகள்

அதே 2019 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே எஃப்.டி.ஏ. அனுமதித்த முதல் மருந்து வந்தது: பிரெக்ஸனலோன். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான் ஹார்மோனும், அதிலிருந்து உருவாகும் அல்லோபிரெக்னனலோன் என்ற பொருளும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். பிரசவமானதும் மளமளவென்று இறங்கும். அந்த வீழ்ச்சியைத் தாங்க முடியாத மூளைகளுக்கு அதே பொருளை வெளியிலிருந்து கொடுப்பதுதான் யோசனை.

யோசனை அழகு, நடைமுறை கஷ்டம். 60 மணி நேரம் தொடர்ந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். திடீரென்று நினைவு தப்பலாம் என்பதால் கூடவே ஆள் இருக்க வேண்டும். மருந்தின் விலை மட்டும் சுமார் 34,000 டாலர். கைக்குழந்தைக்காரி இரண்டரை நாள் டிரிப்ஸோடு படுத்திருக்க வேண்டும்! 2024 கடைசியோடு நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது.

அதன் தம்பி, மாத்திரையாக வரும் சுரனலோன், 2023 ஆகஸ்டில் அனுமதி பெற்றது. 14 நாள், ராத்திரி சாப்பாட்டோடு ஒரு வேளை. மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. ஆனால் முக்கியமான சோதனையில் 15-ஆம் நாள் கணக்கைப் பாருங்கள்: மருந்து எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு மதிப்பெண் சராசரியாக 15.6 குறைந்தது, டம்மி மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.6 குறைந்தது. மருந்தின் சொந்தப் பங்கு 4 மதிப்பெண். மீதி முழுக்க எங்கிருந்து வந்தது? காலம், கவனிப்பு, நம்பிக்கை. இதை மனசில் வையுங்கள், திரும்ப வருவேன்.

இப்படி ஒன்று கையாள முடியாததாகவும் மற்றொன்று விலை கூடியதாகவும் இருக்கும்போது, காப்புரிமை எப்போதோ காலாவதியான, எல்லா ஆபரேஷன் தியேட்டரிலும் கிடக்கிற, மலிவான கெட்டமின் பக்கம் கண் திரும்பியது இயல்புதான். பிரசவ அறையில் மயக்க மருத்துவர் ஏற்கெனவே இருக்கிறார், டிரிப்ஸ் ஊசியும் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

சீனாவின் 364 தாய்மார்கள்

இந்த விஷயத்தில் நான் படித்த மிக முக்கியமான ஆய்வு 2024 ஏப்ரலில் பி.எம்.ஜே. இதழில் வந்தது. சீனாவில் ஐந்து பெரிய மருத்துவமனைகள். கர்ப்பமாக இருக்கும்போதே எடின்பரோ பட்டியலில் 10 அல்லது அதற்கு மேல் வாங்கிய, அதாவது ஏற்கெனவே சோர்வின் அறிகுறி இருந்த 364 பெண்கள். குழந்தை பிறந்து தொப்புள்கொடியைக் கட்டியபிறகு, பாதிப் பேருக்கு எஸ்கெட்டமின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 40 நிமிஷம், ஒரே ஒரு தடவை.

42-ஆம் நாள் இரு தரப்பையும் பேட்டி கண்டு சோதித்தார்கள். உப்புநீர் ஏறியவர்களில் 181 பேருக்கு 46 பேர் பெரும் மனச்சோர்வு நோயில் இருந்தார்கள், 25.4 சதவீதம். எஸ்கெட்டமின் ஏறியவர்களில் 180 பேருக்கு 12 பேர், 6.7 சதவீதம். கணக்குப் போட்டால், ஐந்தாறு தாய்மார்களுக்குக் கொடுத்தால் ஒருத்தி நோயிலிருந்து தப்புகிறாள். மருத்துவத்தில் இது ரொம்பப் பெரிய எண். முதல் தடவை படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பக்க விளைவு? தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது போன்ற நரம்பு, மனம் சார்ந்த தொந்தரவுகள் எஸ்கெட்டமின் பக்கம் 45.1 சதவீதம், உப்புநீர் பக்கம் 22 சதவீதம். எல்லாம் ஒரு நாளுக்குள் போய்விட்டன, மருந்து தேவைப்படவில்லை.

எங்கே இடிக்கிறது?

அப்படியென்றால் தம்பியிடம் 'போ' என்று சொல்லிவிடலாமே? முடியாது. மூன்று காரணம்.

ஒன்று, இது தடுப்பு ஆய்வு. பிரசவ அறையிலேயே, நோய் முற்றுவதற்கு முன், ஒருமுறை கொடுத்தார்கள். தம்பி மனைவிக்குப் பத்து வாரம் ஆகிவிட்டது, நோய் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. தடுப்பூசி வேலை செய்தது என்பதற்காக அதையே காய்ச்சலுக்கு மருந்தாகக் கொடுக்க முடியுமா? வந்துவிட்ட பிரசவ மனச்சோர்வுக்குக் கெட்டமினைச் சோதித்த ஆய்வுகள் எண்ணிக்கையிலும் அளவிலும் சின்னவை. கிளினிக் விளம்பரங்கள் இந்த வித்தியாசத்தை வசதியாக விழுங்கிவிடுகின்றன. தடுப்பிலும்கூட எல்லா ஆய்வும் ஒரே பதிலைத் தரவில்லை. சிசேரியனின்போது குறைந்த அளவு கெட்டமின் கொடுத்து, எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று முடிந்தவையும் உண்டு.

இரண்டு, யாருக்கு எது ஏறியது என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது. நல்ல சோதனை என்றால் மருந்தா, டம்மியா என்று நோயாளிக்குத் தெரியக் கூடாது. கெட்டமின் ஏறினால் சுவர் அசைவதுபோல் இருக்கும், உடம்பு மிதக்கும். உப்புநீருக்கு அப்படி எதுவும் ஆகாது. 'நமக்கு நிஜ மருந்து கிடைச்சிருக்கு' என்ற நம்பிக்கையே பாதி வேலையைச் செய்துவிடலாம். இதைச் சோதிக்க ஸ்டான்ஃபோர்டில் ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்தார்கள், 2023-இல் வெளியானது. வேறு ஏதோ ஆபரேஷனுக்கு வந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேர். முழு மயக்கத்தில் இருக்கும்போது பாதிப் பேருக்குக் கெட்டமின், பாதிப் பேருக்கு உப்புநீர். மிதப்பை உணரவே வழி இல்லை. முடிவு? இரண்டு தரப்பிலும் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இது சின்ன ஆய்வு, மயக்க மருந்தே குறுக்கிட்டிருக்கலாம், பிரசவத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் இதைப் படித்தபிறகு, கெட்டமின் ஆய்வு எதைப் பார்த்தாலும் 'நோயாளி ஊகித்திருப்பாரா?' என்பதுதான் என் முதல் கேள்வி.

மூன்று, எவ்வளவு நாள் தாங்கும்? 42 நாளுக்குப் பதில் இருக்கிறது. பிரசவ மனச்சோர்வு ஒரு வருஷம்கூட ஓடக்கூடியது.

தாய்ப்பாலும் பாதுகாப்பும்

கெட்டமின் தாய்ப்பாலில் போகுமா? போகும், கொஞ்சமாக. 4 பெண்களின் பாலை அளந்த சின்ன ஆய்வு ஒன்றில், எடைக் கணக்கில் குழந்தைக்குப் போன அளவு தாய்க்குக் கொடுத்ததில் 1 சதவீதத்துக்கும் கீழே. பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது மருத்துவர்களின் வழக்கம். ஆனால் 4 பேரை வைத்துக்கொண்டு யாரும் உறுதி கொடுக்க மாட்டார்கள். ஸ்ப்ரவாட்டோவின் மருந்துக் குறிப்பு, பாலூட்ட வேண்டாம் என்கிறது.

மருந்து ஏறும்போது ரத்த அழுத்தம் கூடும். கர்ப்பத்தில் பிரஷர் ஏறியிருந்த பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீண்ட நாள் அதிகமாக எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப்போகிறது. முதலில் பிரித்துச் சொன்னேனே, மூன்றாவது வகை மனப்பிறழ்வு, அந்த நிலையில் இருக்கிற பெண்ணுக்கு இதைக் கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய். டிரிப்ஸ் போடும் முன் ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அமெரிக்காவில் எந்த மனநோய்க்கும் சாதாரண கெட்டமினுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடையாது. மருத்துவர் தன் பொறுப்பில் எழுதிக்கொடுக்கலாம், சட்டப்படி தப்பில்லை. அந்தச் சந்துக்குள்தான் கிளினிக்குகள் பெருகின. சிலர் வீட்டுக்கே தபாலில் மாத்திரை அனுப்பினார்கள். 2023 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அதே மாதக் கடைசியில் நடிகர் மேத்யூ பெர்ரி இறந்தார், காரணம் கெட்டமின். மருத்துவர் கண்காணிப்பில் ஏறிய டிரிப்ஸ் அல்ல, வெளியே வாங்கியது. அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மருந்தே இல்லாத ஓர் ஆய்வு

கெட்டமினைத் தேடிப் போன இடத்தில் எதிர்பாராமல் கிடைத்தது இது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்கள். ஆதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு, 2008-இல் லான்செட் இதழில் வெளியானது. கர்ப்பத்திலேயே மனச்சோர்வில் இருந்த 903 பெண்கள். ஒரு பாதிக்கு, கிராம சுகாதாரப் பணியாளர்கள் கொஞ்சம் பயிற்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பேசினார்கள். என்ன நினைக்கிறாய், அதை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கலாமா, இன்றைக்கு ஒரு சின்ன வேலை என்ன செய்யலாம், இப்படி. மறுபாதிக்குச் சாதாரணமாக வந்து போனார்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, சாதாரணமாக வந்துபோன வீடுகளில் மனச்சோர்வில் இருந்தவர்கள் 53 சதவீதம். பேசிய வீடுகளில் 23 சதவீதம். பேசியவர்கள் பள்ளிக்கூடம் முடித்த ஊர்ப் பெண்கள்.

இதைக் கெட்டமினோடு போட்டி போடவைப்பது சரியில்லை. இரண்டும் வேறு ஆய்வு, வேறு பெண்கள், வேறு அளவுகோல். அதோடு, ஒருத்தி சாக நினைக்கும்போது ஆறு மாதம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அங்கே வேகமான மருந்து வேண்டும், கெட்டமின் அங்கே ஒருநாள் நிஜமாகவே உயிர் காக்கலாம். ஆனால் கணியம்பாடி ஆய்வின் காரணப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். மாமியார் பேச்சு, பெண் பிள்ளை, உதவிக்கு ஆள் இல்லாதது. இதில் எதை டிரிப்ஸில் ஏற்ற முடியும்?

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் அவனிடம் நான் சொன்னது: "கெட்டமின் மோசடி இல்ல, நல்ல ஆய்வு இருக்கு. ஆனா அந்த ஆய்வு உன் பொண்டாட்டி நிலைமைக்குச் செஞ்சது இல்ல. அந்தக் கிளினிக்ல மூணு கேள்வி கேளு. டிரிப்ஸுக்கு முன்னாடி மனநல மருத்துவர் பாப்பாரா? பால் கொடுக்கறதைப் பத்தி என்ன சொல்றீங்க? டிரிப்ஸ் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு யார் பாப்பீங்க? இதுக்கு நேரா பதில் வரலன்னா எழுந்து வந்துடு."

முதல் கேள்விக்கே பதில் வரவில்லையாம். பிரசவம் பார்த்த மருத்துவர் ஏற்கெனவே ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பியிருந்தார். பாலூட்டும் தாய்மார்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை, வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை. அவள் அம்மா விசா வாங்கிப் போய்ச் சேர்ந்தார். ராத்திரி ஒரு வேளை புட்டிப்பாலைத் தம்பி எடுத்துக்கொண்டான். இப்போது தேறிவருகிறாள். இதில் எது வேலை செய்தது? சொல்ல முடியாது. ஒருத்தியின் கதையை வைத்துச் சொல்ல முடியாது என்பதற்காகத்தானே இத்தனை ஆய்வும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறிகுறிகள் இருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சாகும் எண்ணமோ, குழந்தையைப் பற்றிய விபரீத எண்ணமோ இருந்தால் போனில் நேரத்தைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம்.

எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். நம் வீட்டுக் கதையைப் போடலாமா என்று கேட்டேன். முழுக்கப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் சொன்னாள்: "போடுங்க. அன்னிக்கு இந்த மருந்தெல்லாம் யாருக்குத் தெரியும், அதை விடுங்க. நீங்க பதில் சொல்லிட்டீங்க. கேள்வி கேட்டிருக்கலாம்."